தனக்கொடி அழாத நாள்

அந்த போர்டைப் பாத்தீங்களா தம்பி? இப்பப் போச்சே, பாலத்துக்கு எடது பக்கம். மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தன் பல்லு பூராவையும் காட்டிக்கிட்டு நிக்கிறான். கைல உறை, கால்ல பூட்ஸு, பின்னாடி நீல வானம். கீழ என்ன எழுதியிருந்துச்சு? "என் கைகளில் நாளைய ஒளி." ஒளியாம். அவன் என்ன வேலை பாக்குறவன்னு நெனச்சீங்க? கரெண்டு ஆபீஸுன்னுதானே? இல்ல தம்பி. கக்கூஸ் குழில எறங்குறவன். குழில எறங்குறவன் சாகக் கூடாதுன்னு வச்சிருக்குற போர்டு அது. நீங்க தெனம் பாத்தாலும் அது தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கான்.

எனக்கு அதைப் பாத்தாலே கொமட்டுது. மெய்யாவே கொமட்டுது, பஸ்ஸு ஆடுறதால இல்ல. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க. ஆங், போதும்.

சென்னைக்கா? அப்ப நேரம் இருக்கு. போனை உள்ள வைங்க, இதைக் கேளுங்க.

என் பேரு பாக்கியநாதன். எரிகுரல் கலைக்குழுன்னு சொன்னா ஒரு காலத்துல இந்தப் பக்கம் பூராவும் தெரியும். வீதி நாடகம். மேடை கெடையாது, திரை கெடையாது, தெரு முக்குல ஒரு டோலக்க அடிச்சா கூட்டம் சேந்துரும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பொய் ஆகாது. சாவுன்னா சாவுன்னு சொல்லணும். பீன்னா பீன்னு சொல்லணும். முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குறாங்க. பாக்கட்டும். அந்தச் சொல்லைக் கேட்டதுக்கே இந்தப் பார்வை. அதுல கழுத்து வரைக்கும் நின்னவனை எவ திரும்பிப் பாத்தா?

சிங்காரம்னு ஒருத்தன். ஊரு பேரு வேணாம், கேசு நடக்குது. ஒரு கல்யாண மண்டபம், பெரிய மண்டபம், வாசல்ல ரெண்டு யானை பொம்மை. அதோட குழி நெறைஞ்சு போச்சுன்னு சிங்காரத்தைக் கூப்புட்டு எறக்கிவிட்டாங்க. ஆளை எறக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமில்ல? இருக்கு. எறக்குனாங்க. வாயு அடிச்சு உள்ளயே சுருண்டுட்டான். மண்டபத்துக்காரரு தருமலிங்கம் என்ன சொன்னாருன்னா, "நாங்க யாரும் கூப்புடல, குடிச்சுட்டு வந்து அவனா விழுந்துட்டான்"னாரு. பேரைப் பாருங்க, தருமலிங்கம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொணவறை வாசல்ல அவன் பொண்டாட்டி தனக்கொடி தரைல கெடந்து அழுவுறா. தம்பி, நான் எத்தனையோ அழுகை பாத்தவன், எத்தனையோ பேருக்கு அழக் கத்துக் கொடுத்தவன். அப்படி ஒரு அழுகைய அன்னைக்கித்தான் பாத்தேன். தொண்டைலேருந்து வரல, அடிவயித்துலேருந்து வருது. நான் அங்கயே நின்னுட்டேன். அங்க நிக்கும்போதே எனக்குள்ள நாடகம் வந்துருச்சு.

"குழி." அதான் பேரு. கடைசிக் காட்சில நான்தான் சிங்காரம். ஒடம்பு பூரா சேத்தைப் பூசிக்கிட்டு நடுத்தெருவுல கெடப்பேன். கூட்டத்துலேருந்து ஒருத்தி எந்திரிச்சு வந்து மேல விழுந்து அழுவா. ஜனம் நடிகைன்னு நெனச்சுக்கும். அப்ப நான் தலையத் தூக்கி, "இவ நடிக்கல, இவதான் செத்தவனோட பொண்டாட்டி"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். ஒரு சத்தம் இருக்காது. அப்புறம் ஒண்ணொண்ணா விசும்பல் கேக்கும். அந்தச் சத்தம் இருக்கு பாருங்க... அதுக்கு ஈடு எதுவும் கெடையாது.

மொதல்ல அவ வரமாட்டேன்னா. "கூச்சமா இருக்குங்கய்யா"ன்னா. நான்தான் எடுத்துச் சொன்னேன். உன் புருசனுக்கு நியாயம் வேணுமா வேணாமா? நீ பேசாட்டி யாரு பேசுவா? உனக்குக் குரல் இல்ல, நான் தர்றேன். வந்தா. நான் அவ வீட்டுல சோறு தின்னவன் தம்பி. அந்தத் தெருவுல போயி, பாய்ல ஒக்காந்து, அவ கையால வாங்கித் தின்னவன். எத்தனை பேரு திம்பான்? அதை நான் ஒவ்வொரு ஊர்லயும் கூட்டத்துக்கு முன்னாடி சொல்லுவேன். அவளைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே சொல்லுவேன்.

சில ஒழுங்கு வேணும்ல. பவுடர் கூடாது. பூ கூடாது. அந்த வெளுத்த சேலைதான். ஒரு தடவை ஒரு ஊர்ல கதம்பம் வச்சுக்கிட்டு வந்து நிக்கிறா. "என்னத்தா, புருசன் செத்ததைச் சொல்ல வந்தியா, உன்னைப் பொண்ணு பாக்க வர்றாங்களா"ன்னு கேட்டேன். குழுவே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. குனிஞ்சுக்கிட்டே எடுத்துட்டா. நல்ல பொண்ணு அப்பெல்லாம். சொன்னாக் கேட்டுக்குவா.

வருசம் போகப் போக அழுகை கொறைஞ்சு போச்சு. இயற்கைதான். நான் கோவப்பட மாட்டேன். நாடகம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேன்ல அவ பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு மெதுவாப் பேசுவேன். அன்னைக்கு அவனை எப்படி வெளிய இழுத்தாங்க, வாய்ல என்ன இருந்துச்சு, கண்ணு எப்படித் தொறந்து கெடந்துச்சு. எல்லாத்தையும் திரும்ப ஞாபகப்படுத்துவேன். ரெண்டு காதையும் பொத்திக்குவா. அப்ப எறக்கி விட்டா சரியா இருக்கும். கலைன்னா அப்படித்தான் தம்பி, சும்மா வராது. பதப்படுத்தணும்.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் இந்தச் சிரிப்புக்காரங்க வந்து சேந்தாங்க.

சென்னைல ஒரு அறக்கட்டளை. குழிச் சாவை ஒழிக்கப் பிரச்சாரம் பண்றோம், உங்க குழு வேணும்னாங்க. எனக்கும் அப்ப குழுவை நடத்துறது சிரமமா இருந்துச்சு. சரி, உள்ள போயி நம்ம கருத்தைச் சொல்லலாம்னு ஒத்துக்கிட்டேன். திருச்சில பெரிய ஓட்டல்ல பயிற்சி. ஏசி போட்டு எலும்பு வரைக்கும் குளுருது. மதுவந்தின்னு ஒரு பொண்ணு வந்து பேசுச்சு. கைத்தறிச் சேலை, கழுத்துல மரத்துண்டு மாலை. கெட்ட பொண்ணுன்னு சொல்ல மாட்டேன். எல்லாரையும் கும்புட்டுச்சு, தனக்கொடிய "அக்கா"ன்னு கூப்புட்டுச்சு.

"சார், ஜனங்களைப் பயமுறுத்தினா மொகத்தைத் திருப்பிக்கிறாங்க. குத்தம் சொன்னா காதைப் பொத்திக்கிறாங்க. நம்பிக்கை கொடுத்தாத்தான் கூட வர்றாங்க. இனிமே நம்ம மொழி எல்லாமே பாசிட்டிவா இருக்கணும்."

"அம்மா, செத்தவனுக்கு எப்படிம்மா நம்பிக்கை கொடுக்குறது?"ன்னேன்.

"செத்தவர்னு சொல்லாமப் பாக்கலாமே சார். 'நம்மை வழிநடத்தும் நினைவு'ன்னு சொல்லலாம்."

கேட்டீங்களா? திரைல போட்டுக் காட்டுறாங்க. எடது பக்கம் சொல்லக் கூடாத சொல்லு, வலது பக்கம் சொல்ல வேண்டிய சொல்லு. மலக்குழி கெடையாதாம், சுகாதாரத் தொட்டியாம். விஷவாயு கெடையாது, சவாலான சூழல். மரணத்துக்கு எதுத்தாப்புல இழப்புன்னு போட்டிருந்துச்சு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து பாத்தா அந்த இழப்பையும் அடிச்சிட்டாங்க, சோகமா இருக்குதாம். விதவைக்கு என்ன தெரியுமா? "மாற்றத்தின் முகம்." சாதிங்கிற சொல்லு மட்டும் எடது பக்கம் தனியா நிக்குது. எதுத்தாப்புல வெறும் வெள்ளை. மாத்துச் சொல்லு கெடைக்கல போல. எந்திரிச்சுக் கேட்டேன்.

"அதுக்குள்ள நாம போக வேணாமே சார்"னுச்சு.

நாம போக வேணாம். சிங்காரம் மட்டும் போகலாம்.

தம்பி, எனக்கு வாயெல்லாம் கசந்து போச்சு. டீயோட கேக்கு வச்சாங்க, தொட முடியல. செத்தவனைக் குழியை விட்டு வெளிய எடுத்து, கழுவி, பவுடர் போட்டு, திரும்ப அதே குழிக்குள்ள வச்சு மேல பூச்செடி நட்ட மாதிரி இருந்துச்சு. என் நாடகத்துக்கு அவங்க பேரு மாத்துனாங்க. "குழி" வேணாமாம். "மேலே வா." நான் சேத்தைப் பூசிக்கிட்டு கெடக்கக் கூடாதாம். கடைசில எல்லாரும் கை கோத்து ஆடணுமாம். நான் ஆடணுமாம் தம்பி, இந்த வயசுல.

சாப்பாட்டு நேரத்துல அந்த மதுவந்தி தட்டை எடுத்துக்கிட்டு தனக்கொடி பக்கத்துல போயி ஒக்காந்துச்சு. "அக்கா, உங்களுக்கு என்ன புடிக்கும்?"னு கேக்குது. என்ன கேள்வி இது? நான் அத்தனை வருசம் கூட இருந்தவன், அப்படி ஒரு கேள்விக்கு எனக்கு அவசியமே வந்ததில்ல. அவளும் யோசிச்சு யோசிச்சு, "சைக்கிளு ஓட்டப் புடிக்கும்மா. எறக்கத்துல கைய விட்டுட்டு"ங்கிறா. எனக்கே அன்னைக்கித்தான் தெரியும். தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? அதை வச்சு எந்தக் காட்சி அமைக்கிறது?

ஆனா அவங்க அமைச்சுட்டாங்க. மறுவாரம் ஒரு படக்காரனைக் கூட்டியாந்து, ஆத்துப் பாலத்து எறக்கத்துல அவளைச் சைக்கிள்ல விட்டுப் படம் புடிச்சாங்க. மஞ்சச் சேலை. தலை நெறைய மல்லி. வாயத் தொறந்து சிரிக்கிறா. பெருசா அச்சடிச்சாங்க. "சக்கரம் சுழலும், வாழ்க்கை மலரும்." நான் பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டேன். ஒரு பொம்பளைய இப்படியா கேவலப்படுத்துறது? புருசன் செத்த பொண்ணை, பல்லைக் காட்ட வச்சு, ஊரு பூரா ஒட்டுறதா?

"அதைக் கிழிச்சுப் போடு"ன்னேன் தனக்கொடிகிட்ட.

"இருக்கட்டுங்கய்யா. நல்லாத்தானே இருக்கேன் அதுல?"

"சிங்காரத்தை நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேன். நான் சைக்கிள்ல போனா பின்னாடியே ஓடியாருவாரு, விழுந்துருவேன்னு. அதை நெனச்சுத்தான் சிரிச்சேன்." அப்புறம் அவளே சொன்னா, "அவரு பேரைத்தான் எங்கயும் போடலிங்கய்யா. அந்த அம்மாகிட்டக் கேட்டேன், சின்னதாவாச்சும் ஒரு ஓரமாப் போடுங்கன்னு. இது என் கதையாம், அவரு முடிஞ்சு போன கதையாம்."

"பாத்தியா? பாத்தியா? நான்தான் சொன்னேனே"ன்னேன். "நம்ம நாடகத்துலதான் அவன் பேரு இருக்கு."

அவ அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

இதோட விட்டிருந்தாக்கூட பொறுத்திருப்பேன். பிரச்சாரத் தொடக்க விழா வச்சாங்க. எங்க? அதே மண்டபம். யானை பொம்மை வச்ச அதே மண்டபம். தருமலிங்கம் மண்டபத்தைச் சும்மாவே விடுறேன்னுட்டாராம், மேடைல அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டாச்சு. நான் நேரா அந்தத் திருச்சி ஓட்டலுக்கே மதுவந்திகிட்டப் போனேன். "அந்த மண்டபத்துக் குழிலதாம்மா சிங்காரம் செத்தான், தெரியுமா?"ன்னேன். அந்தப் பொண்ணுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. தெரியாது போல. போனைத் தூக்கிக்கிட்டு வெளிய போச்சு, யாருகிட்டயோ பேசுச்சு, திரும்பி வந்துச்சு.

"சார், அவரும் மாறணும்னு ஆசைப்படுறாரு. நாம யாரையும் எதிரியாப் பாக்க வேணாம்னு மேல சொல்றாங்க. அவரைப் 'பயணத் தோழர்'னு அறிமுகப்படுத்தலாம்னு..."

சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல அந்தப் பொண்ணு. பயணத் தோழர்! எந்தப் பயணத்துக்கு? சுடுகாட்டுக்கா? துப்பணும்போல இருந்துச்சு. ஓட்டல் தரைல எங்க துப்புறது.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். தனக்கொடிக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தாங்க, மேடைல பாத்து வாசிக்க. "நான் பாதிக்கப்பட்டவள் அல்ல, மாற்றத்தின் முகம்." நான் அவளைத் தனியாக் கூப்புட்டுச் சொன்னேன். "மேடைல ஏறு. அட்டையக் கீழ போடு. தருமலிங்கம் காலடில போயி விழு. மாருல அடிச்சுக்க. மொத நாளு ஆஸ்பத்திரில அழுத மாதிரி அழு. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்." அப்ப நான் சேத்தோட பக்கத்துல வந்து விழுறதா ஏற்பாடு. வாளில சேறு கொழைச்சு மேடைக்குப் பக்கவாட்டுல வச்சாச்சு. "சரிங்கய்யா"ன்னா. எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னா.

விழா அன்னைக்கு மண்டபம் நெறைஞ்சு வழியுது. காலேஜு புள்ளைங்களைப் பஸ்ஸுல கூட்டியாந்திருந்தாங்க. காலைலேருந்து டிபனு, காபி, ஜூஸு. பலூனு. செடி வச்ச தொட்டி. தருமலிங்கம் பட்டுச் சட்டைல எல்லாருக்கும் கை கொடுத்துக்கிட்டு நிக்கிறாரு. அத்தனை கூட்டத்துக்கு அந்தக் கக்கூஸு தாங்குமா? பதினோரு மணிக்கெல்லாம் பொம்பளைப் புள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி வருதுங்க. அடைச்சுக்கிட்டுத் தண்ணி மேல வந்துருச்சு. கதவைச் சாத்திட்டாங்க.

தனக்கொடிய மேடைக்குக் கூப்புடுற நேரம், ஆளைக் காணோம். தேடிக்கிட்டுப் பின்பக்கம் போனேன். சமையக்கட்டைத் தாண்டி ஒரு சந்து. அங்க நிக்கிறா. குழி மூடி பாதி நகந்து கெடக்கு, அந்த மூடி மேல ஏறி நிக்கிறா. எதுக்க ரெண்டு பேரு. ஒருத்தரு வயசானவரு, மருதைன்னு பேரு, கோவணத்தோட, இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு. இன்னொருத்தன் சன்னாசி, வாளியோட. மண்டபத்து மேனேஜரு கைக்குட்டைய மூஞ்சில கட்டிக்கிட்டு தள்ளி நின்னு கத்துறான். "சீக்கிரம்யா, உள்ள விழா நடக்குது!"

உள்ள என்ன விழா? குழில ஆளை எறக்கக் கூடாதுன்னு விழா. அதுக்கு வந்தவங்க போனதை அள்ளத்தான் இங்க ஆளை எறக்குறான். தம்பி, நான் இந்த வயசுல எத்தனையோ அசிங்கம் பாத்துட்டேன். அதைப் போல ஒண்ணு பாத்ததில்ல.

மருதை கெஞ்சுறாரு, "நகருத்தா. மேலாப்புல அடைப்பை எடுத்துட்டு வந்துருவேன்."

"எங்க வீட்டுக்காரரு இதுலதாண்ணே போனாரு."

"தெரியும்த்தா. சிங்காரம் எனக்கு மச்சான் மொறைதான். என்ன பண்றது, கூப்புட்டாங்க."

அவ அப்படியே அவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. மொகம் என்னமோ மாதிரி ஆகுது. எனக்குப் புரிஞ்சு போச்சு, இதான் நேரம். எத்தனை வருசமா இந்த மொகத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்! பொணவறை வாசல்ல பாத்த அதே மொகம். ஓடிப் போயி கையப் புடிச்சேன். "வா, மேடைக்கு வா, இதை அங்க வந்து அழு"ன்னு இழுத்தேன்.

"நான் வந்துட்டா இவரு எறங்கிருவாருங்கய்யா"ன்னா.

"எறங்கட்டும், நீ வா, நேரம் போகுது"ன்னேன். அதாவது, அந்த அர்த்தத்துல சொல்லல. அவசரத்துல வாய்ல வந்துச்சு. யாரா இருந்தாலும் வரும். அங்க நூத்துக்கணக்கான ஜனம் காத்துக்கிட்டு இருக்கு.

கையை உதறிட்டா. என் கையை உதறுனது அதான் மொத தடவை. குனிஞ்சா, மருதை இடுப்புக் கயித்தை அவுத்தா, அந்தக் கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு "வாங்கண்ணே, நீயும் வாப்பா"ன்னு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நடக்குறா. மேனேஜரு குறுக்க வந்தான். அவன் மேல இடிச்சுக்கிட்டே போனா. மூடி அப்படியே தொறந்து கெடக்கு.

நடு வழியா மண்டபத்துக்குள்ள வந்தாங்க. கோவணத்தோட மருதை, வாளியோட சன்னாசி, மஞ்சச் சேலைல இவ. கைத்தட்டிட்டாங்க சில பேரு, நாடகம்னு நெனச்சு. மொத வரிசைல பெரிய ஆளுங்களுக்குச் சோபா போட்டிருந்துச்சு. அதுல மருதையை ஒக்கார வச்சா. அவரு ஒக்கார மாட்டேன்னு நெளியிறாரு. தோளைப் புடிச்சு அமுத்தி ஒக்கார வச்சா. பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா ஒருத்தி சேலையச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சுருச்சு. அந்த எடத்துல சன்னாசி.

அப்புறம் மைக்கு முன்னாடி போயி நின்னா. நான் வாளிகிட்ட ஓடி, சேத்தை அள்ளிப் பூசிக்கிட்டு தயாரா நிக்கிறேன்.

"என் பேரு தனக்கொடி. எங்க வீட்டுக்காரரு பேரு சிங்காரம். இந்த மண்டபத்துக் குழில எறக்கி விட்டுத்தான் செத்தாரு."

சாதாரணமாச் சொல்றா. கடைல சாமான் கேக்குற மாதிரி. "அழு, அழு"ன்னு நான் பக்கவாட்டுலேருந்து சைகை காட்டுறேன். திரும்பவே இல்ல.

"இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு மருதை அண்ணனையும் அதுல எறக்கப் பாத்தாங்க. இவரு எறங்க மாட்டாரு. உறிஞ்சுற வண்டி வரட்டும். அது வர்ற வரைக்கும் மூடி தொறந்துதான் கெடக்கும். நாத்தம் வரும். மூடணும்னா தருமலிங்கம் ஐயா போயி மூடட்டும். நீங்க யாரும் எந்திரிச்சுப் போகாதீங்க. கொஞ்ச நேரம்தான். ஒக்காந்திருங்க."

அவ்வளவுதான். எறங்கி வந்து மருதை பக்கத்துல தரைல ஒக்காந்துட்டா. ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல.

நாத்தம் வந்துச்சு தம்பி. மெல்ல வந்து, அப்புறம் மொத்தமா வந்துச்சு. பின்கதவு தொறந்து கெடக்கு, ஏசி மண்டபம், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு, வந்த நாத்தம் வெளிய போக வழியில்ல. மேடைல ஒருத்தரு கர்ச்சீப்பைத் தேடுறாரு. இன்னொருத்தரு பூங்கொத்துல மூக்கைப் பொதைச்சுக்கிட்டாரு. ஒரு காலேஜுப் பொண்ணு செடித்தொட்டில வாந்தி எடுத்துட்டு, வாயத் தொடைச்சுக்கிட்டு, திரும்ப வந்து அதே எடத்துல ஒக்காந்துச்சு. அதைப் பாத்து மத்த புள்ளைங்களும் எந்திரிக்கல. எல்லாரும் போன்ல படம் புடிக்கிறாங்க. தருமலிங்கம் எந்திரிச்சு, "மூடுங்கடா அதை!"ன்னு கத்துறாரு. யாரைப் பாத்துக் கத்துறதுன்னு அவருக்கே தெரியல. அத்தனை பேரும் அவரைப் பாக்குறாங்க. கடைசில அவரே போயி மூடுனாரான்னு கேக்குறீங்களா? மேனேஜரைப் போகச் சொன்னாரு, மேனேஜரு "எனக்கு வேலையே வேணாங்க"ன்னு வெளிய போயிட்டான்.

அந்த மதுவந்தி பொண்ணு மேடை ஓரத்துல செவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் அதுவே வெளிய போயி வண்டிக்குப் போனு போட்டுச்சு. திரும்பி வந்து தனக்கொடி பக்கத்துல தரைல ஒக்காந்துச்சு. கைத்தறிச் சேலையோட. வண்டி பக்கத்து ஊர்லேருந்து வரணும். அது வர்ற வரைக்கும் ஒரு பேச்சு இல்ல, பாட்டு இல்ல.

நான்? நான் சேத்தைப் பூசிக்கிட்டு பக்கவாட்டுல நிக்கிறேன். எறங்கி வரலாமா வேணாமான்னு தெரியல. சேறு காஞ்சு இழுக்குது. கூப்புடுவான்னு பாத்தேன். கூப்புடல. ஒரு தடவை கூட நான் இருக்குற பக்கம் பாக்கல.

அப்புறம் என்ன? புள்ளைங்க எடுத்த படம் ஊரு பூரா போச்சு. மண்டபத்தைப் பூட்டி வச்சிருக்காங்க. மருதையும் சன்னாசியும் கோர்ட்டுல போயி, எங்களைக் கூப்புட்டுத்தான் எறக்குவாங்கன்னு சாட்சி சொன்னாங்க. குடிச்சுட்டு விழுந்தான்ங்கிற கதை அதோட போச்சு. கேசு நல்லபடியாத்தான் போகுதுங்கிறாங்க. அறக்கட்டளைக்காரங்க அந்த விழாவைப் பத்தி என்ன எழுதுனாங்க தெரியுமா? "பங்கேற்பாளர்களுக்கு முழுமையான புலனனுபவம் கிடைத்தது." நாத்தத்துக்குப் பேரு தம்பி! புலனனுபவம்! அந்த மதுவந்தி அதுல கையெழுத்துப் போடாம வேலைய விட்டுட்டாளாம். இப்ப தனக்கொடி கூடத்தான் சுத்துறாளாம்.

எல்லாம் சரி. நியாயம் கெடைக்குது, நல்லது. ஆனா எனக்கு ஆறவே மாட்டேங்குது. அந்த எடத்துல, அந்த நேரத்துல, அவ ஒரே ஒரு தடவை வாய் விட்டு அழுதிருந்தா எப்படி இருந்திருக்கும்! நான் சேத்தோட வந்து விழுந்திருந்தா! இவங்க சிரி சிரின்னு சொல்லியே அவளைக் கெடுத்துட்டாங்க. அழுகைய மறக்க வச்சுட்டாங்க.

பத்து நாள் கழிச்சு வீட்டு வாசலுக்கு வந்தா. சைக்கிள்லதான் வந்தா. எறங்கி, ஸ்டாண்டு போட்டு, உள்ள வரல. "ஐயா, இனிமே நான் நாடகத்துக்கு வரலிங்கய்யா"ன்னா.

"நீ எப்படி இருந்த, உன்னை நாலு பேருக்குத் தெரிய வச்சது யாரு?"ன்னு கேட்டேன். கேக்காம எப்படி?

"நீங்கதாங்கய்யா"ன்னா. "தெனம் அவரை வெளிய இழுத்துப் போட்டதையே சொன்னீங்க. இப்பக் கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னு வர மாட்டேங்குது. படம் புடிச்ச அன்னைக்கு எறக்கத்துல ஒரு நிமிசம் வந்துச்சு. அவ்வளவுதான். நான் அதைத் தேடிக்கணுங்கய்யா."

என்ன பேச்சு பாருங்க. செஞ்சதெல்லாம் அவன் சாவுக்கு நியாயம் கேட்டு. அதைக் குத்தமாச் சொல்லிட்டுப் போறா. கும்புட்டுட்டுத்தான் போனா, இல்லேங்கல. ஆனா நன்றின்னு ஒண்ணு வேணாமா? நானும் போகட்டும்னு விட்டுட்டேன். சேத்துல எறங்கி உண்மையச் சொல்றதுக்கு எல்லாராலயும் முடியாது தம்பி.

என்ன, வண்டி மெதுவாகுதா? எந்த ஸ்டாப்பு இது? அட, நான் எறங்கணும். அந்தப் பையை எடுத்துக் கொடுங்க. பாத்து, அதுல வெளுத்த சேலை இருக்கு, கசங்கிரப் போகுது.

இங்க பக்கத்து ஊர்ல போன வாரம் ஒருத்தன் குழில செத்துட்டான். சின்ன வயசு. பொண்டாட்டி சோறு தண்ணி இல்லாம கெடந்து அழுவுறாளாம், கேக்கவே முடியலைன்னு போன்ல சொன்னாங்க.

யோவ் கண்டக்டரு, நிறுத்துய்யா, ஆள் எறங்குது! வர்றேன் தம்பி. அந்தச் சிரிப்புக்காரங்க வந்து சேர்றதுக்குள்ள நான் போயிரணும்.